கவிழ்ந்து காட்டாதவருக்குத் துடுப்பு கிடையாது

படகுக் கழகத்தின் செயலாளரும், என் உடன்பிறந்த அக்காவின் கணவரும், இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவருமான அத்தான் அவர்களுக்கு, இரண்டாம் மாடியிலிருந்து மைத்துனி எழுதுவது.

நான் நலம். படகுத்துறை நலம். ஏழு கயாக் படகுகளும் கீறல் இல்லாமல் நலம். உங்கள் மூக்கு வழியாக உள்ளே போன ஏரித் தண்ணீர் முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று அறிய ஆவல்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நேற்று பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது பதினெட்டுப் படிகள். தபால்காரர் உறையின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மேல் வீட்டுலேருந்து கீழ் வீட்டுக்கா? மாடிப்படியில நின்னு ஒரு குரல் குடுத்தா கேக்குமே?” என்றார். “குரல் குடுத்தா நான் பதில் குரல் குடுத்துடுவேன்ல, அதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பிரித்துப் படித்தேன். உட்கார்ந்து ஒரு தடவை, நின்றுகொண்டு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுவதற்குள் நான் மூன்று காரியம் செய்ய வேண்டுமாம். திறப்பு விழா நாளில் மாணவர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் ஏரியில் கவிழ்த்ததற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கவிழ்வது என்ற பாடத்தையே பயிற்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குள் வைத்துச் செயலாளரைப் பார்த்து ‘வாயை மூடுங்கள்’ என்று சொன்ன ஆறாவது படகு மாணவரின் பெயரைத் தர வேண்டும், அவரை நீங்கள் நீக்குவதற்கு. இல்லையென்றால் பயிற்சியாளர் வேலை எனக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் ஏரியைக் கடக்கும் தேர்வும் இல்லை. பதில் இதோ: மாட்டேன், மாட்டேன், மாட்டேன். ஒன்றுக்கு ஒன்று கணக்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு தபால் அட்டையே போதும். ஆனால் குழுவில் இருக்கிற மற்ற நாலு பேருக்கும் நீங்கள் இதைப் படித்துக் காட்டியாக வேண்டும், அவர்கள் அன்றைக்கு விழாவுக்கு வரவில்லை, உங்கள் வாய் வழியாக மட்டும் கேட்டிருக்கிறார்கள். அந்த வாயும் அன்றைக்குப் பாதி நேரம் தண்ணீருக்குள் இருந்தது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எட்டு வாரத்துக்கு முன்னால் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு மளிகைக் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் நீங்கள் பெயர் கேட்கிற அந்த ஆறாவது ஆள். முதல் வாரம் நான் யாரையும் ஏரிப் பக்கமே விடவில்லை. கழகத்தின் பின் கூடத்தில் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, ஆளுக்கு ஒரு மாப்புக் கட்டையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். ஏன் என்றால் புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் எல்லோரும் கையால் இழுக்கிறார்கள். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் போய்விடும், நடு ஏரியில் தோள் போனால் கரை தானாக நடந்து வராது. இடுப்பைத் திருப்ப வேண்டும், கை சும்மா கூடப் போக வேண்டும். கட்டையை விரல் வெளுக்கப் பிடிக்கக் கூடாது. பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரிதான் பிடித்தார், அவரைத் தளர்த்த மூன்று மணி நேரம் ஆயிற்று. பஸ் டிரைவர் திரும்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வலது தோளுக்கு மேலே இல்லாத கண்ணாடியைப் பார்த்தார். அது நல்ல பழக்கம் என்று விட்டுவிட்டேன். அப்படி ஆறு பேரும் வியர்க்க வியர்க்கக் கட்டையை இடமும் வலமும் சுழற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் கதவைத் திறந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? ஆறு பேர், ஆறு மாப்பு, காய்ந்த தரை. பார்த்தீர்கள். “அந்த மூலையிலயும் நல்லா தொடைக்கச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, குழு உறுப்பினர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் வாரம் தண்ணீர். இடுப்பளவு ஆழத்தில் படகை நிறுத்தி, உட்கார வைத்து, முதல் பாடமாகக் கவிழச் சொன்னேன். ‘ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பணம் வாங்கிவிட்டுக் கவிழ்க்கக் கற்றுக்கொடுக்கிறார்’ என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், கற்றுக்கொடுக்கிறேன். அத்தான், கயாக் என்பது கவிழுகிற சாமான். குடை என்றால் காற்றில் மடங்கும், கயாக் என்றால் கவிழும், அதை யாரும் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. கவிழவே மாட்டேன் என்று நம்பி உட்காருகிறவன் உடம்பெல்லாம் கட்டையாக விறைத்துக்கொண்டு உட்காருகிறான், விறைத்தவன்தான் முதலில் கவிழ்கிறான், கவிழ்ந்ததும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தண்ணீரைக் குடிக்கிறான். என்னிடம் படித்தவர் அப்படி இல்லை. தலைகீழானதும் முன்னால் குனிவார், படகின் வயிற்றில் மூன்று தட்டுத் தட்டுவார், ‘நான் பதறவில்லை, நிதானமாக இருக்கிறேன்’ என்று வெளியே நிற்பவருக்கு அதுதான் தகவல். அப்புறம் இரண்டு கையாலும் விளிம்பைத் தள்ளி, கால்சட்டையைக் கழற்றுகிற மாதிரி படகைக் கழற்றிவிட்டு, துடுப்பைக் கைவிடாமல் மேலே வருவார். பல் டாக்டர் இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டார். மளிகைக் கடைக்காரர் மேலே வந்ததும் “இன்னொரு வாட்டி” என்றார்.

அந்த ஆறாவது ஆளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். படகில் உட்கார்ந்து விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் கவிழவே இல்லை. தண்ணீர் இடுப்பளவுதான், எழுந்து நின்றால் தரை இருக்கிறது, அது தெரிந்தும் முடியவில்லை. மற்றவர்கள் கரையேறி டீ குடித்து முடித்துவிட்டார்கள். அழுதார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன், விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. கடைசியில் அவராகவே “எண்ணு” என்றார். மூன்று எண்ணினேன். கவிழ்ந்தார். உள்ளேயிருந்து டொக், டொக், டொக். மேலே வந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கிடக்க, ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். அப்படி ஒருவர் சிரித்து நான் கேட்டு வெகு காலம் ஆகிறது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஏரித் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பாடத்தைத்தான் நீங்கள் எடுக்கச் சொல்கிறீர்கள்.

கவிழ்ந்து காட்டாதவருக்குத் துடுப்பு கிடையாது. சாமான் அறைக் கதவில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறேன், ஈரத்தில் ஊறி மை கலங்கியிருக்கிறது, கருத்து கலங்கவில்லை.

அடுத்து விசில். ஒரு நீள விசில் என்றால் நின்ற இடத்தில் நில். இரண்டு என்றால் என்னிடம் வா. மூன்று குட்டி விசில் என்றால், எங்கே இருந்தாலும் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே கவிழ். ‘இப்போது கவிழ்க்கப் போகிறேன், தயாரா’ என்று ஏரி யாரையும் கேட்டுக்கொண்டு கவிழ்ப்பதில்லை, அதனால் நானும் கேட்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது ஊதுவேன், பிஸ்கட்டைக் கடிக்கும்போது ஊதுவேன். ஏழாம் வாரத்தில் ஆறு பேரும் பிஸ்கட்டோடு கவிழ்ந்து பிஸ்கட்டோடு மேலே வந்தார்கள். பஸ் டிரைவர் ஒருநாள் நாலு சாலைச் சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் மூன்று தடவை ஊதியதும் ஓட்டுநர் இருக்கையிலேயே இடது பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொன்னார். பஸ் நின்றிருந்த நேரம், ஆகவே பாதகமில்லை. நாய்க்குட்டிக்குக்கூட இவ்வளவு பழக்கம் வராது என்று அவர் வீட்டில் சொன்னார்களாம்.

இனி விழா. புதிய துறையைத் திறக்கிறோம், காப்பீட்டுக் கம்பெனி மேலாளர் தலைமை விருந்தினர், பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட் நன்கொடை தருகிறார், மாணவர்கள் அணிவகுத்துக் காட்ட வேண்டும் என்றீர்கள். சரி என்றேன். வரவேற்புரையைக் கரையில் நின்று சொல்லாமல் ஏழாவது கயாக்கில் உட்கார்ந்து தண்ணீரிலிருந்து சொல்லப்போகிறேன், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றீர்கள். அப்போது நான் சொன்னது என்ன? எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“அத்தான், ஒரே ஒரு தடவை கவிழ்ந்து காட்டிடுங்க. அஞ்சு நிமிஷம். அப்புறம் நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க.”

“இந்தச் சட்டையோடயா? இன்னைக்குத்தான் இஸ்திரி போட்டு வந்திருக்கு.”

“சட்டையோட கவிழ்றதுதான் பயிற்சி.”

“நான் செயலாளர்ம்மா. நான் ஏன் கவிழப்போறேன்?”

இதற்கான பதில் ஏரியிடம் இருந்தது. ஜாக்கெட்டின் பட்டைகளையும் கட்டாமல் திறந்துவிட்டுக்கொண்டீர்கள், கட்டினால் சட்டையில் குத்தியிருக்கும் செயலாளர் பேட்ஜ் மறைந்துவிடும் என்று. நான் விருந்தினர் முன்னிலையில் வந்து மூன்று பட்டையையும் இழுத்து ‘டக் டக் டக்’ என்று பூட்டினேன். அதையும் அவமதிப்பு என்று நோட்டீஸில் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டைகளைப் பூட்டியிருக்காவிட்டால் இரண்டாம் பக்கத்தை எழுத நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் நான் விளையாட்டாக எழுதவில்லை.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. துடுப்பை முன்பின் மாற்றிப் பிடித்துக்கொண்டு எப்படியோ பதினைந்து அடி போனீர்கள். துடுப்பை மடியில் போட்டுவிட்டு, இரண்டு முழங்காலுக்கு நடுவே வைத்திருந்த மெகாபோனை எடுத்து, “பாதுகாப்பே நமது முதல்” என்று ஆரம்பித்தீர்கள். முதல் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து மேட்டில் விருந்தினரின் டிரைவர் காரைப் பின்னால் எடுத்தார், நம் காவலாளி மரத்தில் இடித்துவிடப் போகிறதே என்று ஊதினார். மூன்று குட்டி விசில். காவலாளியைத் திட்டாதீர்கள், கார் இடிக்கவில்லை, அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். என் மாணவர்களும் அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். நேர் வரிசையில் நின்ற ஆறு படகும் ஒரே நொடியில் தொபுக்கென்று கவிழ்ந்தன. தண்ணீருக்கு மேலே ஆறு படகு வயிறு. ஒரு தலை இல்லை. டொக் டொக் டொக் என்று பதினெட்டுத் தட்டு எனக்குக் கேட்டது, எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. அப்படிச் சொல்பேச்சுக் கேட்கிற மாணவர்களை வாழ்க்கையில் ஒரு தடவைதான் பார்க்க முடியும். நான் பெருமையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். “ஐயோ, ஆறு பேரும் போய்ட்டாங்களே, யாராவது ஓடி வாங்களேன்!” என்று மெகாபோனில் அலறினீர்கள். சட்டை, பேட்ஜ், விருந்தினர் எதுவும் உங்கள் நினைவில் இல்லை. குதித்துக் காப்பாற்றத்தான் எழுந்தீர்கள், அது கரையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அத்தான், கயாக்கில் நல்ல மனசோடு எழுந்து நின்றாலும் கவிழும். ஒரு காலை மட்டும் தூக்கினீர்கள், படகு ஒரு பக்கம் போயிற்று, நீங்கள் ஒரு பக்கம் போனீர்கள், மெகாபோன் உங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. பட்டை பூட்டியிருந்ததால் தக்கை மாதிரி உடனே மேலே வந்தீர்கள். வந்தும் கத்துவதை நிறுத்தவில்லை. வாயைத் திறந்து கத்தியதால் தண்ணீர் உள்ளே போயிற்று, தண்ணீர் போனதால் இருமினீர்கள், இருமியதால் இன்னும் போயிற்று.

அதற்குள் ஆறு பேரும் மேலே வந்து, ஒருவருக்கொருவர் படகைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டி ஏறிவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பஸ் டிரைவர் உங்கள் துடுப்பைப் பிடித்தார், பல் டாக்டர் உங்கள் படகைப் பிடித்தார், உங்களுக்கு மிக அருகே இருந்த ஆறாவது படகு நேராக உங்களிடம் வந்தது. வந்து மூன்றடி தள்ளி நின்றது, ஏனென்றால் பதறுகிறவர் கைக்கு எட்டும் தூரத்துக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மாணவர் சொன்னதை நான் துறையில் நின்று கேட்டேன், அப்படியே எழுதுகிறேன்: “ஏங்க, வாய மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க. என்னைப் பிடிக்காதீங்க, படகோட முனையைப் பிடிங்க. காலை உதைங்க.” இதில் எது அவமரியாதை? எல்லாமே ‘ங்க’தான். தண்ணீரில் கிடப்பவர் வாயை மூட வேண்டும் என்பது பயிற்சிப் புத்தகத்தில் உள்ள விதி, அதில் செயலாளருக்கு விலக்கு கிடையாது. நீங்கள் வாயை மூடினீர்கள். இருமல் நின்றது. முனையைப் பிடித்தீர்கள், காலை உதைத்தீர்கள், ஒழுங்காகக் கரை சேர்ந்தீர்கள். நீங்கள் விழுந்ததிலிருந்து துறையில் உட்கார்ந்தது வரை நாலு நிமிடம் பத்து விநாடி, என் கையில் கடிகாரம் இருந்தது. என் முப்பது வருட அனுபவத்தில் இதைவிடச் சுத்தமான மீட்பை நான் பார்த்ததில்லை. மாலை போட வேண்டிய ஆளை நீக்க வேண்டும் என்கிறீர்கள்.

உங்கள் மூக்குக்கண்ணாடி போனதற்கு வருந்துகிறேன். கல்லூரி அக்கா தங்கை இரண்டு பேரும் அரை மணி நேரம் முங்கி முங்கித் தேடினார்கள், அது ஏரியோடு போய்விட்டது, ஆசையை விட்டுவிடுங்கள். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதியதால்தான் நோட்டீஸில் இவ்வளவு கோணல் என்று நினைக்கிறேன்.

ஆறாவது மாணவரின் பெயரைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பார்க்கலாம். அந்த வரியில் டீ கொட்டிவிட்டது. அந்த ஒரு வரியில் மட்டும்தான் கொட்டியது, டீயின் போக்கு அப்படி. என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: அவர் உங்களுக்குப் பழக்கமில்லாதவர். உங்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்க வாய்ப்பே இல்லை. அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் பயிற்சியில் சேரக் கூடாது என்று போன வருடம் நீங்களே ஒரு விதி போட்டிருக்கிறீர்களே, அதன்படி அவரைச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அறுபத்தொரு வயதில் ஏழாவது கயாக்கில் ஏறியவரைச் சோதியுங்கள். தலைமை விருந்தினரும் விழா முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நானும் அந்த மாதிரி டொக் டொக்னு தட்டணும், எப்ப சேரலாம்?” என்று கேட்டார். அவருக்கு ஐம்பத்து நாலு. ‘எங்கள் செயலாளர் விட மாட்டார்’ என்றேன். பன்னிரண்டு ஜாக்கெட் கொடுத்தவரின் முகம் எப்படிச் சுருங்கியது தெரியுமா?

கடைசியாக ஒன்று. இந்தச் சண்டையில் அக்காவை இழுக்காதீர்கள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம், குழாயைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிற பிறவி. நீங்கள் விழுந்த கதையைக் கேட்டாலே மயக்கம் போட்டுவிடுவாள். பாவம், சனிக்கிழமை தோறும் தையல் வகுப்புக்குப் போய்க் களைத்து வருகிறாள். அவள் காதில் கயாக் என்ற வார்த்தையே விழ வேண்டாம்.

வெள்ளிக்கிழமை என்னை நீக்கினால் நீக்குங்கள். சாமான் அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆறு பேரும் ஏரியைக் கடப்பார்கள், பயிற்சியாளராக இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவளாக நான் கரையில் நிற்பேன். வேடிக்கை பார்ப்பவர் விசில் ஊதக் கூடாது என்று விதி இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.

நான் உங்களைவிடப் பதினொரு வயது சின்னவள், உங்களை வாழ்த்தும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் பயிற்சியாளர் என்ற முறையில், வெள்ளிக்கிழமை வரைக்குமாவது, உங்கள் பட்டைகள் என்றும் இறுக்கமாக இருக்கட்டும், உங்கள் வாய் தக்க சமயத்தில் மூடிக்கொள்ளட்டும், எந்தத் தண்ணீரில் விழுந்தாலும் உங்கள் தலை மேலே வரட்டும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கவிழ்ந்தும் கவிழ்த்தும் பழகிய மைத்துனி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து, கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே படித்து, என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இனி வரும் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் உங்கள் மாத்திரை டப்பாக்களில் ‘காலை’, ‘இரவு’ என்று ஒட்டியிருக்கும் சீட்டுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஏங்க, நான்தான்.

தங்கச்சி கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியது எல்லாம் பொய், ஒரு வரி தவிர. ஆறாவது ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாளே, அது மட்டும் நிஜம். தையல் வகுப்பு என்று எட்டு சனிக்கிழமை போய் வந்தேன். எட்டு வாரத்தில் ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்கு வரவில்லையே, தையல் வகுப்பில் தலைமுடி எப்படி நனைகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மூலையிலும் துடைக்கச் சொன்னீர்களே, அன்றைக்குக் கதவிலிருந்து இரண்டாவது ஸ்டூலில் இருந்தேன். திறப்பு விழாவுக்கு என்னை நீங்கள் கூப்பிடவும் இல்லை, “உனக்கு அங்க என்ன புரியப் போகுது” என்றீர்கள். அங்கே வரிசையில் நின்ற ஆறு பேர் முகத்தையும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது வயது விதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தது நான். ‘இயலாது’ என்று அடித்து முடித்த நிமிடம்தான் சேர்வது என்று முடிவு செய்தேன். எனக்கு ஐம்பத்தேழு.

உங்கள் மூக்குக்கண்ணாடி ஏரிக்குள் போகவில்லை. நீங்கள் இருமிக்கொண்டிருந்தபோது உங்கள் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் துறையைப் பிடித்து ஏறும்போது எடுத்து என் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். போட்டுவிட்டால் நான் யாரென்று தெரிந்துவிடுமே, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு விட மாட்டீர்களே என்ற பயம். தண்ணீர் மேல் எனக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டது, உங்கள் மேல் இருந்தது மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் இந்தக் கடிதத்தைப் படித்ததில் குறைந்துவிட்டது.

மன்னிப்பு எழுத்தில் வேண்டும் என்றீர்கள். கண்ணாடியை மறைத்ததற்கும் தையல் என்று சொன்னதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். வாய மூடுங்க என்றதற்குக் கேட்க மாட்டேன். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தது, அன்றைக்குத்தான் விதிமுறைப்படி சொல்ல முடிந்தது. நீங்களும் கேட்டீர்கள், கரை சேர்ந்தீர்கள். ஆறு பேரும் போய்விட்டோம் என்று நீங்கள் அலறியதை நான் தண்ணீருக்குள் இருந்தே கேட்டேன். மேலே வந்ததும் மற்றவர்கள் அவரவர் படகைத் தேடினார்கள், நான் முதலில் உங்களைத்தான் தேடினேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைத் தபாலில் போட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டுப் படியையும் நானே ஏறி வந்து, நீங்கள் காலையில் கை நீட்டித் தேடும் இடத்தில், கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை குழுவில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரைக்கு வாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆறாவது படகு. மூன்று விசில் கேட்டால் நான் கவிழ்வேன். எழுந்து நிற்காதீர்கள். வந்துவிடுவேன்.